ஜீப்புக்குள் கட்டிலும் கரையில் வாடியும்

கடந்த டிசெம்பரில் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கையின் மகன், வந்த மறுநாளே நல்ல தச்சர் ஒருவரைத் தெரியுமா என்று கேட்டான். நண்பரொருவரிடம் இரவல் வாங்கிய பழைய மொண்டெரோ ஜீப்பின் பின்பகுதியில் படுப்பதற்கு ஒரு மேடை அமைத்து, கற்பிட்டிக் கடற்கரையில் நான்கு இரவுகள் தங்கி வருவது அவனது திட்டம். விடுதியும் வேண்டாம், கூடாரமும் வேண்டாம், வாகனமே வீடு என்றான். தச்சரைக் காட்டிக் கொடுத்தேன். மேடை தயாரானது. போனான். இரண்டாம் நாளே முகம் சுளித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"விடியக்காலமை நாலு மணிக்கே எழுப்பிப்போட்டாங்கள் மாமா. அவ்வளவு பெரிய கடற்கரை, அவங்களுக்கு நான் நிண்ட இடம்தான் வேணுமாம்."

அவனை எழுப்பியவர் கரைவலைக்காரர் ஒருவர். "தம்பி, கோவிக்க வேணாம், வண்டியக் கொஞ்சம் எடுக்க ஏலுமா? வலை ஏத்தணும்" என்று அவர் கேட்டாராம். தமது தொழிலிடத்தில் குறுக்கே நின்ற வாகனத்துக்கு அவரே மன்னிப்புக் கேட்டிருக்கிறார். என் மருமகன் ஆறு வயதில் நாட்டை விட்டுப் போனவன். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் "அவ்வளவு பெரிய கடற்கரை" என்ற அந்த வார்த்தை கொழும்பிலும் கண்டியிலும் வாழ்வோர் வாயிலும் இப்போது தாராளமாக வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மேடையைப் பற்றி. அதை நான் பரிகசிக்கவில்லை. எங்கள் பாட்டன்மார் கூடார வண்டிலுக்குள் வைக்கோலைப் பரப்பி, மேலே பாயை விரித்துப் படுத்துக்கொண்டே கோயில் திருவிழாக்களுக்குப் போனவர்கள். கற்பிட்டிக் குடாநாட்டிலேயே இருக்கும் தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு மார்ச்சிலும் ஓகஸ்டிலும் வரும் யாத்திரிகர்கள் மர நிழலிலும் தற்காலிகக் குடில்களிலும் லொறிகளிலும் படுத்தெழும்புவதை நான் செய்தியாளனாகப் பலமுறை பார்த்திருக்கிறேன். வாகனத்தில் உறங்குவது மேனாட்டார் கண்டுபிடிப்பு அல்ல.

தச்சரின் வேலையும் மெச்சத்தக்கது. பின் இருக்கைகளை மடித்து, ஆறடி நீளம் வரும்படி அளந்து, சில்லு மேடுகளுக்கு மேலே சட்டகம் அடித்து, அதன் கீழே தண்ணீர்க் கலனும் பாத்திரமும் வைக்க ஓரடி உயரம் விட்டார். 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை வேண்டும் என்று மருமகன் நின்றபோது, எட்டுக்கு நாலடிப் பலகை ஒன்றே 25 கிலோவுக்கு மேல் வரும், சட்டகம் நெருக்கமாக இருந்தால் 12 மில்லிமீற்றரே தாங்கும் என்று திருத்தினார். தளத்தில் புதிதாகத் துளை போட மறுத்துவிட்டார். கடற்காற்றில் துளை வழியே துரு ஏறும் என்றார். இருக்கைகளைப் பூட்டும் பழைய துளைகளிலேயே மேடையை இறுக்கினார். இறுக்காத பலகை, திடீரென்று பிரேக் பிடித்தால் ஓட்டுநரின் பிடரிக்கு வரும். கண்ணாடிகளை இரு பக்கமும் சிறிது இறக்கி நுளம்பு வலை கட்டினார். என் பங்குக்கு நான் சொன்னது ஒன்றே: குளிரூட்டிக்காக இயந்திரத்தை ஓடவிட்டு உறங்காதே, உள்ளே அடுப்பு மூட்டாதே. காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, உறங்குபவனை அது எழுப்பாது.

இவ்வளவு கவனத்தோடு ஜீப்பின் உட்புறத்தை அளந்தவர்கள், அந்த ஜீப் நிற்கப்போகும் நிலத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் வழக்கு இதுதான்.

கரைவலை என்பது நினைத்த இடத்தில் இழுக்கும் வலையன்று. ஒவ்வொரு வலைக்கும் கரையில் ஒரு 'பாடு' உண்டு. அதற்கு நேரே கடலடியில் பாரின்றி மணல் இருக்கவேண்டும். கயிற்றின் இரு தலைப்புகளையும் பற்றி இழுக்கக் கரையில் அகன்ற இடைவெளி வேண்டும். எந்த வலை எந்தப் பாட்டில் என்பது பரம்பரை பரம்பரையாக வந்த ஒழுங்கு. சட்டமும் அதை ஏற்றுப் பதிவு செய்கிறது. மாலை ஆறு மணிக்கு அங்கே வரும் பயணிக்கு வெறும் மணல் தெரிகிறது. விடியற்காலை நாலு மணிக்கு அது தொழிற்சாலை. தொழிற்சாலை வாசலில் இரவு நேரத்தில் ஆளில்லை என்பதற்காக அங்கே கட்டில் போடுவோமா?

மே முதல் செப்டெம்பர் வரை வந்தால் கரை இன்னும் வெறுமையாய்த் தெரியும். தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்க, இம்மாவட்ட மீனவரில் பலர் கிழக்குக் கரைக்குப் போய்விடுவர். (முல்லைத்தீவுக் கரையில் அந்த வருகையால் எழும் பிணக்கு வேறு கதை, அதைத் தனியே எழுதவேண்டும்.) அதே மாதங்களில்தான் கண்டக்குழியில் காற்றுப்பட்டச் சறுக்கலுக்கு வெளிநாட்டார் வருகிறார்கள். அவர்கள் எடுக்கும் படங்களில் மனிதர் இல்லை. மனிதர் இல்லாத படங்களைப் பார்த்தே திட்டங்கள் தீட்டப்படுகின்றன. 2000களில் கற்பிட்டியின் 14 தீவுகளை உள்ளடக்கி ஒருங்கிணைந்த சுற்றுலாத் திட்டம் ஒன்று வந்தது நினைவிருக்கும். தலைமுறைகளாகக் குடியிருந்தும் உறுதிப் பத்திரம் இல்லாத மீனவக் குடும்பங்கள், காணியும் கடலுக்குப் போகும் வழியும் பறிபோகும் என்று அன்று வீதிக்கு இறங்கின.

இங்கேதான் இரட்டை நீதி. கிடுகால் வேய்ந்த வாடியில் மீனவர் படுத்தால் அது 'அனுமதியற்ற குடியிருப்பு'. பல இலட்சம் ரூபா ஜீப்பில் நகரத்தார் படுத்தால் அது 'இயற்கைச் சுற்றுலா'. இருவரும் படுப்பது ஒரே மணலில். வாடிக்காரருக்கு அங்கே வேலை இருக்கிறது; ஜீப்காரருக்கு விடுமுறை இருக்கிறது. யாருக்கு முன்னுரிமை என்பது சட்டப் புத்தகத்தைப் புரட்டித் தெரிந்துகொள்ள வேண்டிய விடயமா?

சொல்லொன்றும் என்னை உறுத்துகிறது. விளம்பரங்களில் இப்போது 'முகாமிடல்' என்று எழுதுகிறார்கள். புத்தளத்தில் முகாம் என்ற சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை, சுமார் 75,000 பேரை, விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னாரிலிருந்து படகேறியவர்கள் வந்திறங்கியது இந்தக் கற்பிட்டிக் கரையில்தான். அவர்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலேயே கிடுகுக் கொட்டில்களில் பத்து, இருபது ஆண்டுகள் என்று காலம் தள்ளினார்கள். தமிழர் பெயரால் நடந்த அந்த அநீதியைத் தமிழில் எழுதும் எவனும் இந்தக் கரையில் நின்றுகொண்டு மறக்கக்கூடாது. சாக்கைத் திரையாகக் கட்டி உறங்கிய ஊரில், விரும்பிப் போய் ஒரு வாரம் அப்படி உறங்குவதைச் சாகசம் என்று சொல்ல நா சற்றே தயங்கவேண்டும்.

வாகனத்தில் உறங்கும் அனுபவம் நாடு முழுவதற்கும் ஒருமுறை கிடைத்தது. 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்காகப் படுத்துக் கிடந்தோம். வரிசையிலேயே உயிர் விட்டவர்களும் உண்டு. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையேறிக் கிடந்த அந்த மாதங்களை மீனவர் மறக்கவில்லை. நகரத்தாராகிய நாம்தான் இத்தனை விரைவில் மறந்து, அதே இருக்கைகளை மடித்துப் பலகை போடுகிறோம்.

"கடற்கரை பொதுச் சொத்து, எவரும் போகலாம்" என்பார்கள். உண்மை. யாரும் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொதுச் சொத்து என்பது யாருமற்ற சொத்து அல்ல. இன்னொரு விடயமும் உண்டு. கற்பிட்டிக் குடாநாட்டின் குடிநீர், மணலுக்குக் கீழே அதிக ஆழமில்லாமல் தேங்கும் மழைநீர். தோட்டங்களுக்கு இடும் உரத்தின் நைத்திரேற்று ஏற்கெனவே அதில் கலந்து கிடக்கிறது. மலசலகூடத்துக்குப் பதிலாக மணலில் குழி தோண்டும் பயணி, ஊரின் கிணற்றுக்குள்தான் அதைச் செய்கிறார்.

படுக்கை மேடைக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது; அதைக் கட்டுவோரே அதை உணர்வதில்லை. கூடாரத்துக்கு மணல் வேண்டும், முளை அடிக்க நிலம் வேண்டும். மேடை போட்ட ஜீப்புக்கு அவை எதுவும் வேண்டாம். எங்கே நிறுத்தினாலும் படுக்கை சமதளமாக இருந்தால் போதும். எனவே கடற்கரைக்குள் சக்கரம் இறங்கவேண்டிய தேவையே இல்லை. வீதியோரக் கடை முற்றத்தில், கோயில், பள்ளிவாசல் வளவில், தென்னந்தோட்டத்தில், உரியவரைக் கேட்டு நிறுத்தலாம். கேட்டால் இந்த மாவட்டத்தில் இல்லையென்று சொல்வோர் குறைவு. மலசலகூடத்துக்கும் தண்ணீருக்கும் ஏதாவது கொடுங்கள். காலையில் கரைக்கு நடந்து போங்கள். வலை இழுக்கும் நேரமானால் கயிற்றில் ஒரு கை கொடுங்கள். மீனை அங்கேயே விலை கொடுத்து வாங்குங்கள். அரசும் பிரதேச சபைகளும் வாகனம் நிறுத்தித் தங்குவதற்கு வீதிப்பக்கமாக இடம் ஒதுக்கட்டும். அதற்கு முன், மீனவரின் வாடிக்கும் பாட்டுக்கும் எழுத்தில் உறுதி கொடுக்கட்டும். வரிசை மாறக்கூடாது.

மருமகன் திரும்பிப் போய்விட்டான். மேடை என் வீட்டு விறாந்தையில் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அலுவலகத் தோழர் ஒருவர் அடுத்த மாதம் கற்பிட்டிக்குப் போவதற்கு அதை இரவல் கேட்டார். தருகிறேன் என்றேன். எங்கே நிறுத்தப் போகிறீர்கள், யாரைக் கேட்டீர்கள் என்று சொல்லிவிட்டு எடுத்துப் போங்கள் என்றும் சொன்னேன். அவர் இன்னும் வரவில்லை.