ஒரு பிடி புல்

மறுமலர்ச்சி என்றதும் இத்தாலியோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே நடந்ததெல்லாம் அதன் நகல் என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. நியூரம்பர்க் நகரப் பொற்கொல்லரின் மகன் ஆல்பிரெக்ட் டியூரர் வெனிசுக்குப் போய்ப் பலவற்றைக் கற்றார், உண்மைதான். ஆனால் 1503-இல் அவர் நீர்வண்ணத்தில் வரைந்த புல்தரையைப் பாருங்கள். மெல்லிய புல்தாள்கள், கூம்பி நிற்கும் டேன்டெலியன் பூக்கள், ஈரமண்ணில் வெளியே தெரியும் வேர்கள். காலில் மிதிபடும் களைக்குப் புனிதர்களுக்குரிய கவனத்தைக் கொடுத்திருக்கிறார். அந்தப் பார்வை வடக்கின் சொந்தச் சொத்து. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஃபிளாண்டர்ஸில் ஓவியர் வான் ஐக் வளர்த்தது. அதைவிட முக்கியம், அச்சு. டியூரரின் மரச்செதுக்குப் படங்களை மனைவி ஆக்னஸ் சந்தைகளில் விற்றார். அரண்மனைச் சுவரில் இடம்பெறாத கலை சாதாரண வீட்டுக்குள் நுழைந்தது. 1525-இல் வெளியிட்ட வடிவியல் நூலையும் டியூரர் லத்தீனில் எழுதவில்லை. கொல்லரும் கல்தச்சரும் படிக்கும்படி ஜெர்மன் மொழியில் எழுதினார். அறிவைக் கைவினைஞரிடம் கொண்டுசேர்த்த இந்த வேலையை நகல் என்பது அநியாயம்.