படிப்பா, பந்தா?

கற்கத் தொடங்கியவன் கற்று முடித்த பின்னரே கலாசாலையை விட்டு நீங்க வேண்டும் என்பது ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பொதுவாயுள்ள கொள்கை. பாதியிற் படிப்பை விட்டவன் என்னும் பெயர் நம்மவருள் ஒரு வசையாகவே வழங்கி வருகின்றது. ஆயின் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, ஆண்டுதோறும் வசந்த காலத்தில், கலாசாலைக் கூடைப்பந்துக் கோஷ்டிகளிற் சிறந்து விளங்கும் வாலிபர் சிலர், பட்டம் பெறுமுன்னரே படிப்பைத் துறந்து, ஊதியத்திற்கு ஆடும் கோஷ்டிகளை நாடிச் செல்கின்றனர். பத்தொன்பது இருபது வயதினர் செய்யும் இம்முடிவு நாடு முழுவதும் பேசப்படுகின்றது. பேராசைக்காரர் என்று அவர்களை இகழ்வாரும் உளர். அதிர்ஷ்டசாலிகள் என்று புகழ்வாரும் உளர். இவ்விரண்டும் முழு உண்மையல்ல என்பதும், இவ்விஷயத்தில் முதலிற் கேள்வி கேட்கப்பட வேண்டியவை கலாசாலைகளே என்பதும் எமது அபிப்பிராயம்.

கூடைப்பந்து ஒரு கலாசாலையிலேயே பிறந்த விளையாட்டு. 1891 டிசம்பரில், மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கலாசாலையின் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெயிஸ்மித் என்பார், பனிக்காலத்தில் வெளியே ஆட வழியின்றி அடைபட்டிருந்த மாணாக்கரின் பொருட்டு, பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, பதின்மூன்று விதிகளை வகுத்து இதனைத் தொடங்கினார். அச்சங்கத்தாரின் வாயிலாக இது தேசங்கள் பலவற்றிற்குப் பரவிற்று. சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் என்பார் நிறுவிய தேகப்பயிற்சிக் கலாசாலையும் அச்சங்கத்தாருடையதே. நெயிஸ்மித் பின்னர் வைத்தியப் பட்டமும் பெற்று, கான்ஸாஸ் சர்வகலாசாலையில் நெடுங்காலம் கற்பித்து வந்தார். படிப்பும் பந்தும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு அவரே சான்றாவார்.

அவற்றைப் பகையாக்கியது பணம். கலாசாலைகளுக்குள் வசந்தத்தில் நடைபெறும் பெரும் போட்டியை ஒளிபரப்பும் உரிமைக்காக, 2010இற் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி பதினான்கு ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர் பேசப்பட்டது. 2016இல் அவ்வொப்பந்தம் மேலும் எட்டு ஆண்டுகளுக்கு, 880 கோடி டாலருக்கு, நீட்டப்பட்டது. பயிற்சியாளர் பலர் தத்தம் சர்வகலாசாலைத் தலைவரினும் மிக்க சம்பளம் பெற்று வந்தனர். வியர்வை சிந்தி ஆடிய மாணாக்கனுக்கோ, நெடுங்காலம், உபகாரச் சம்பளமும் உணவும் உறைவிடமுமே கிடைத்தன. பொருளுக்காக ஆடுவது கல்விக்கு இழுக்கு என்று அவனுக்கு மாத்திரம் உபதேசிக்கப்பட்டது. உபதேசித்தவர் எவரும் தம் பங்கை மறுத்ததாக யாம் அறியோம்.

பாதியிற் செல்லும் உரிமையும் எளிதிற் கிடைத்ததன்று. உயர்தரப் பாடசாலையை முடித்து நான்கு ஆண்டு கழியுமுன் எவரையும் சேர்த்துக் கொள்வதில்லை என்று, ஊதிய ஆட்டக்காரரின் தேசியச் சங்கம் முன்னர் விதி வகுத்திருந்தது. அவ்விதியை எதிர்த்து நின்றவர் ஸ்பென்ஸர் ஹேவுட். மிஸிஸிப்பி மாகாணத்தில், பத்துப் பிள்ளைகளையுடைய ஏழைக் குடும்பத்திற் பிறந்து, சிறு வயதிற் பருத்தி பறித்தவர் அவர். 1968இல் மெக்ஸிகோ ஒலிம்பிக் பந்தயத்தில் தம் நாட்டிற்குத் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்த அவர், மறு ஆண்டே கலாசாலையை விட்டு ஊதியத்திற்கு ஆடத் தொடங்கினார். பின்னர் ஸியாட்டில் கோஷ்டியார் அவரைச் சேர்த்துக் கொண்டபோது சங்கத்தார் மறுத்தனர். வழக்கு ஸுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 1971 மார்ச்சில் அக்கோர்ட்டு அவர் ஆடுவதற்கு அனுகூலமாக உத்தரவிட்டது. பதக்கம் வாங்கித் தரும் வயது வந்துவிட்டதாம். தாய்க்குச் சோறு போடும் வயது மாத்திரம் வரவில்லையாம்! இவ்வாதம் நிலைக்காமற் போனதில் வியப்பொன்றுமில்லை.

அதன் பின்னர்ச் சங்கத்தார், வறுமையை நிரூபிப்பவர் மாத்திரம் முன்னரே சேரலாம் என்றனர். தன் வீட்டு அடுப்பு எரியவில்லை என்பதற்கு ஒரு வாலிபன் அத்தாட்சி காட்ட வேண்டிய அந்த நிபந்தனை 1976இல் நீங்கிற்று. பிற்காலத்தில் கெவின் கார்னெட் 1995இலும், கோபி பிரையண்ட் 1996இலும், லெப்ரான் ஜேம்ஸ் 2003இலும் கலாசாலை வாயிலையே மிதியாமல் பாடசாலையிலிருந்து நேரே சென்று பெரும்புகழ் எய்தினர். அவர்களைப் பின்பற்றிச் சென்று பெயர் தெரியாமற் போனவரும் உண்டு. ஆகவே 2005இல் மற்றொரு விதி வந்தது; பத்தொன்பது வயதும், பாடசாலையை முடித்தபின் ஓர் ஆண்டும் நிரம்பியிருத்தல் வேண்டும் என்பது அது. 2006 முதல் அது நடைமுறையில் இருந்து வருகின்றது.

இவ்வோராண்டு விதி கல்விக்கு நன்மை செய்ததாக எமக்குத் தோன்றவில்லை. சிறந்த ஆட்டக்காரர் பலர் ஓராண்டு மாத்திரம் கலாசாலையில் தங்கிப் பின் நீங்கினர். பன்னிரண்டு மாதத்தில் நீங்குவதையே கருதி வந்தவனை மாணாக்கன் என்பதோ, அவனை வைத்துப் போட்டியில் வென்ற இடத்தை அவனுக்குக் கல்வி அளித்த இடம் என்பதோ சொல்லளவிற் பொருந்தலாம்; பொருளளவிற் பொருந்தாது. அது ஒரு தங்கல் விடுதியின் உறவேயன்றிக் குருகுலத்தின் உறவு ஆகாது.

இனி, நிலைத்துக் கற்றலின் சிறப்பை யாம் மறுக்கவில்லை. டிம் டங்கன் என்னும் பெரிய ஆட்டக்காரர், ஆண்டுதோறும் அழைப்புக்கள் காத்திருக்கவும், வேக் பாரஸ்ட் சர்வகலாசாலையில் நான்கு ஆண்டும் இருந்து, 1997இல் மனோதத்துவத்திற் பட்டம் பெற்ற பின்னரே சென்றார். மரணப் படுக்கையிலிருந்த தாய்க்குப் பட்டம் பெறுவேன் என்று அவர் கொடுத்திருந்த வாக்கே அதற்குக் காரணம். தாமதத்தால் அவர் இழந்தது யாதுமில்லை. அவ்வாண்டுத் தெரிவில் முதல்வராக எடுக்கப்பட்டார். ஆயின் டங்கனைக் காட்டி மற்றெல்லாரையும் கடிதல் நியாயமாகாது. அவர் முழங்கால் அந்நான்கு ஆண்டும் அவருக்குத் துரோகம் செய்யவில்லை. எல்லார் முழங்காலும் அத்தகையதன்று.

2019 பிப்ரவரி 20ஆம் நாள், டியூக் சர்வகலாசாலையின் புகழ்பெற்ற முதலாண்டு மாணாக்கரான ஸயன் வில்லியம்ஸன், ஆட்டந் தொடங்கி அரை நிமிஷம் கடந்த அளவில் இடறினார். காற்செருப்புக் கிழிந்து முழங்கால் சுளுக்குற்றது. காயம் பெரிதாயிராமையால் அவர் மீண்டும் ஆடினார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் முதல்வராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். ஆயினும் அக்கணத்தில் அரங்கத்திலிருந்தோர் நெஞ்சில் எழுந்த கேள்வியை எவர் மறுக்க இயலும்? கூலியின்றி ஆடிய அந்த அரை நிமிஷத்தில் ஒரு குடும்பத்தின் வாழ்வே போயிருந்தால் ஈடு செய்வார் யார்? வக்கீலும் வைத்தியரும் அறுபது வயதிலும் தொழில் செய்வர். ஆட்டக்காரனுக்கு முப்பத்தைந்திலேயே முதுமை. பட்டம் காத்திருக்கும், முழங்கால் காத்திராது.

அங்ஙனமாயின் எல்லாரும் செல்லுக என்கின்றோமா? அன்று. தேசியச் சங்கத்திற் கோஷ்டிகள் முப்பது. ஆண்டுத் தெரிவில் உள்ள இடங்கள் ஏறக்குறைய அறுபது. அவற்றிலும் அயல்நாட்டார் பலர் இடம் பெறுகின்றனர். முதற் சுற்றில் எடுக்கப்படுபவனுக்கே இரண்டாண்டு ஊதியம் விதிப்படி உறுதி. இரண்டாம் சுற்றினனுக்கு அத்தகைய பொது விதியில்லை. மறுபுறத்திலோ, முதல் வகுப்புக் கலாசாலைக் கோஷ்டிகள் முந்நூற்றைம்பதிற்கும் மேல். கோஷ்டிக்குப் பன்னிருவர் என்று வைப்பினும் ஆட்டக்காரர் நாலாயிரத்தைத் தாண்டுவர். தன் ஊரில் எல்லாரினும் உயர்ந்து ஆடிய ஒவ்வொருவனும் அவ்வறுபதில் ஒருவன் தானே என்று நம்புகின்றான். நம்பிச் சென்று எடுக்கப்படாதவன், படிப்பையும் இழந்து பந்தையும் இழந்து, ஊர் திரும்ப நாணி நிற்கின்றான். பத்திரிகைகள் அவன் படத்தைப் போடுவதில்லை.

ஆகவே மாணாக்கனுக்கு முதலில் வேண்டுவது மெய்யான ஆலோசனை. அதுவே அவனுக்கு அரிதாயிருக்கின்றது. அவன் தங்கினாற் பயிற்சியாளருக்கு லாபம். அவன் சென்றால் தரகருக்கு லாபம். இருவரும் அவன் நன்மையையே பேசுகின்றனர். 2016 முதல், கோஷ்டியார் முன் ஆடிக்காட்டித் தன் தரத்தை அறிந்த பின், குறித்த நாளுக்குள் மனம் மாறிக் கலாசாலைக்குத் திரும்ப மாணாக்கனுக்கு அவகாசம் அளிக்கப்பட்டது. இது நல்ல விதி. விற்பவர் சொல்லையும் வாங்குபவர் சொல்லையும் கேட்டபின் முடிவு செய்பவன் ஏமாறுவது குறைவு. ஆயினும் லாபமோ நஷ்டமோ இல்லாத ஒருவர், ஓர் ஆசிரியர், அருகிருந்து உள்ளதை உள்ளவாறு சொல்வது எல்லா விதிகளினும் மேலானது.

அண்மையில் நிகழ்ந்த மாறுதல் எமது கருத்திற்கு வலிமை தருகின்றது. 2021 ஜூலை முதல் மாணாக்கர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்திற்குத் தந்து பொருள் பெறலாயினர். 2025 ஜூலை முதல், ஒரு கலாசாலை தன் ஆட்டக்காரர் எல்லார்க்குமாக ஆண்டிற்கு ஏறக்குறைய இரண்டு கோடி டாலர் வரை நேரே கொடுக்கலாம் என்று ஏற்பட்டது. பயன் என்ன? 2024இல் முன்கூட்டிச் செல்ல விண்ணப்பித்த ஆட்டக்காரர், அயல்நாட்டாரும் உட்பட, 195. 2025இல் 106 மாத்திரமே. ஐம்பது ஆண்டு உபதேசம் செய்யாததை உரிய கூலி நான்கே ஆண்டிற் செய்தது. அவர்களிற் பலரைக் கலாசாலையினின்று துரத்தியது பேராசையன்று, கலாசாலையின் கஞ்சத்தனமே என்பது இதனால் விளங்கும்.

எனினும் இதனால் யாம் முழுதும் மகிழ்வுறவில்லை. பொருளின் பொருட்டுத் தங்குபவன் பொருளின் பொருட்டே இடம் மாறுவான். 2024 முதல், படிப்பில் தகுதியுள்ளவன் எத்தனை முறையேனும் கலாசாலை விட்டுக் கலாசாலை சென்று தடையின்றி ஆடலாம். நான்கு ஆண்டில் நான்கு கலாசாலை கண்டவனுக்கு எந்த ஆசிரியர் ஆசிரியர்? எந்த மரத்தடி அவன் மரத்தடி? கலாசாலையில் இருப்பது வேறு, கற்பது வேறு.

எமது கருத்தின் முடிவான பகுதிக்கு வருகின்றோம். செல்வதா, தங்குவதா என்பது ஒரு நாளில் முடியும் கேள்வி; திரும்பி வரும் வாயில் திறந்திருக்கின்றதா என்பது வாழ்நாள் முழுதும் நிற்கும் கேள்வி. ஷகீல் ஓ'நீல் மூன்றாண்டு கற்று 1992இற் கலாசாலையை நீங்கினார். உலகப் புகழும் பெருஞ்செல்வமும் அடைந்த பின்னும், 2000இல் லூயிஸியானா சர்வகலாசாலையில் விட்ட படிப்பை முடித்துப் பட்டம் பெற்றார். 2012இல் கல்வித் துறையில் டாக்டர் பட்டமும் பெற்றார். வின்ஸ் கார்ட்டரும் மூன்றாண்டில் வட கரோலினா சர்வகலாசாலையை நீங்கியவரே. 2001 மே 20ஆம் நாள் காலையில் அவர் அங்கே பட்டமளிப்பு விழாவில் நின்றார்; அன்றே பிலடெல்பியா சென்று தம் டொராண்டோ கோஷ்டிக்காக முடிவான ஆட்டத்தை ஆடினார். கடைசி நொடியில் அவர் எறிந்த பந்து கூடையிற் புகவில்லை. ஒரு புள்ளியில் தோல்வி. விழாவிற்குச் சென்றதே பிழை என்று பலர் தூற்றினர். எமக்கோ, அன்று காலை அவர் பெற்றது மாலையில் இழந்ததினும் சிறிதன்று என்றே தோன்றுகின்றது.

இவ்விருவரும் செல்வர், எப்போது வேண்டினும் திரும்பலாம். பெயரும் பொருளும் பெறாது மீள்பவனுக்கு என்ன வழி? கலாசாலை விளையாட்டுக்களை நடத்தும் தேசிய சபை 2018இல் ஒரு விதி செய்தது: உபகாரச் சம்பளத்துடன் கூடைப்பந்து ஆடிச் சென்றவன் பத்தாண்டுக்குள் அதே கலாசாலைக்குத் திரும்பினால், அவன் கல்விச் செலவை முதல் வகுப்புக் கலாசாலை ஏற்க வேண்டும் என்பது அது. பாராட்டத்தக்க விதிதான். ஆயின், நீங்குமுன் இரண்டாண்டு கற்றவனுக்கே அவ்வுரிமை என்றும் அதில் வகுத்தனர். ஓராண்டில் நீங்கியவனுக்கு அவ்வாயில் இல்லை. எவன் இளமையிற் சென்றானோ, எவன் குறைவாகக் கற்றானோ, எவன் ஆட்டத்தாற் கலாசாலை ஒரு பருவம் புகழ் பெற்றதோ, அவனுக்கே அது மூடியிருக்கின்றது. ஓராண்டேனும் அவன் உழைப்பை உண்ட கலாசாலை, அவன் எத்தனை ஆண்டு கழித்து வரினும் ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டது என்பதே எமது துணிபு.

மாணவ நண்பர்களே! நுங்களுள் எவர்க்கேனும் குடும்ப நிலையாலோ தொழில் வாய்ப்பாலோ பாதியிற் செல்ல நேரின், முதலில் உண்மை சொல்வார் ஒருவரைக் கேளுங்கள். பின் தயங்காது முடிவு செய்யுங்கள். சென்றபின் கல்வியை இறந்த காலமாக எண்ணாதிருங்கள். ஆசிரியப் பெருமக்களே, பழைய மாணவர்களே! பாதியிற் சென்றவன் ஒரு நாள் நம் வாயிலில் வந்து நிற்பானாயின், ஏன் சென்றாய் என்று கேளாது, எங்கே விட்டாய் என்று கேட்டு, அவ்விடத்திலிருந்தே அவனுக்குப் பாடம் தொடங்குவோமாக.