பழைய புல்லட்டும் ஒரு பாடப்புத்தகம்தான்!



பைக் பற்றிய கட்டுரை என்றதும் இது பையன்கள் விஷயம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். நம்ம பள்ளி அறிவியல் லேபுக்கு ஒரு பழைய புல்லட் எஞ்சின் வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் 1851-ல் தையல் ஊசி செய்ய ஆரம்பித்த ஒரு கம்பெனி, பிறகு சைக்கிள் செய்தது. அதிலிருந்து வந்ததுதான் ராயல் என்ஃபீல்டு. 1901-ல் அவர்கள் செய்த முதல் மோட்டார் சைக்கிளில் எஞ்சின் முன்பக்கம் இருந்தது. அங்கிருந்து ஒரு நீளமான பெல்ட் பின் சக்கரத்தைச் சுற்றியது. எஞ்சினை நடுவில், கீழே வைப்பதுதான் பிறகு வழக்கமானது.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. 1970-ல் இங்கிலாந்தில் கம்பெனியே நின்றுபோனது. நம்ம சென்னையில் நிற்கவில்லை!

மயிலாப்பூரில் எங்க மாமா வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்புக்குப் பழைய புல்லட்டுகள் வரும். அதன் சிலிண்டருக்குள் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். உருளையின் கன அளவு காண்பது எப்படி என்று பத்தாம் வகுப்பு அக்காக்களிடம் கேட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 346 சிசி வரும்! விட்டத்தைவிட உயரம் அதிகம் என்பதால் மெதுவாகப் போகும்போதும் நன்றாக இழுக்கும்.

புல்லட்டை மிதிக்க பலம் வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். மாமா சொல்லிக் கொடுத்தது வேறு. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அமுக்கினால் ஆம்பியர் மீட்டர் முள் ஒரு பக்கம் சாயும். பிறகு பாயிண்ட் திறந்து கரண்ட் நின்றதும் முள் நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சியில் இருக்கு என்று அர்த்தம். அப்போது டீகம்ப்ரஷர் லிவரைப் பிடித்து, அடைபட்ட காற்றை வெளியே விட்டு, பிஸ்டனைக் கொஞ்சம் தாண்ட விட வேண்டும். லிவரை விட்டுவிட்டு ஒரே மிதி. டப் டப் டப்! உள்ளே நடப்பது தெரிந்தால் போதும், பெரிய பலம் வேண்டாம்.

"பழைய வண்டி புகை விடும், பிரேக்கும் சுமார்தானே?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 2019 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளில் ஏபிஎஸ் கட்டாயம். 2020 முதல் பிஎஸ்-6 புகை விதி. ரோட்டில் ஓட்ட புதுசுதான் நல்லது. நான் கேட்பது ஓட்ட இல்லை, பிரித்துப் பார்க்க. ஓடாத எஞ்சினே போதும். பழைய புல்லட்டில் எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. ஸ்பேனர் இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். போர்டில் வரைந்த பிஸ்டன் அசையாது. இது அசையும். நம்ம கையாலேயே அசைக்கலாம்.

ஒர்க்‌ஷாப்பில் என்னைப் பார்க்கிறவர்கள், "பொம்பளப் புள்ளைக்கு இங்க என்னம்மா வேலை?" என்று கேட்கிறார்கள். அடையாறிலும் தி.நகரிலும் எத்தனை அக்காக்கள் ஸ்கூட்டி ஓட்டுகிறார்கள்! ஓட்டலாம், ஆனால் திறந்து பார்க்கக் கூடாதாம். நின்றுபோனால் யாராவது வரும்வரை ரோட்டோரம் காத்திருக்க வேண்டுமாம். இது என்ன நியாயம்?

புதுப்பேட்டையில் பழைய உதிரி பாகங்கள் விற்கும் கடைகள் நிறைய உண்டு. பள்ளி மனது வைத்தால் ஒரு பழைய எஞ்சின் வாங்கலாம். வந்தால் முதல் நட்டைக் கழற்ற ஒரு மாணவியைக் கூப்பிடுங்கள், சார். சொல்லித் தர எங்க மாமா வருவார். நான் கேட்டுவிட்டேன்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி