பக்கத்து மேசையில இருக்கிறவன் என்ன மொழி கதைக்கிறான்?

இந்தோனேசியாவில 700க்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கு எண்டு எல்லாரும் சொல்லுவினம். அதில ஐந்தாறு மொழி ஒரே வகுப்பறைக்குள்ள வந்து இருந்தா என்ன நடக்கும் எண்டு கேக்கிற ஆக்கள் குறைவு.

வட சுமாத்திராவின் மேடான் நகரத்தை எடுப்பம். படாக், ஜாவா, மினாங்கபாவ், மலாய் மக்களோட ஹொக்கியன் கதைக்கிற சீனரும் அங்க இருக்கினம். 19ஆம் நூற்றாண்டில டெலி புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழரின் பிள்ளைகளும் இருக்கினம். 1884இல் கட்டின மாரியம்மன் கோயில் இன்றைக்கும் நகர நடுவில நிக்குது. அப்படியான ஊரில ஒரு உயர்நிலைப் பள்ளியில பாடம் இந்தோனேசிய மொழியில நடக்கும். வீட்டில வேற மொழி. எல்லாரும் ஆசைப்படுறது ஆங்கிலத்துக்கு.

இந்த மாணவர்களிட்ட ஒரு வினாத்தாளைக் குடுத்து 'உன் தாய்மொழி முக்கியமா?' எண்டு கேட்டா, 'ஓம்' எண்டுதான் எழுதுவினம். எந்த நாட்டுப் பிள்ளையும் அப்படித்தான் எழுதும். கன்ரீனில ஆர் எந்த மொழியில கதைக்க மற்றவை முகம் சுளிக்கினம் எண்டு பாக்கவேணும்.

ரெண்டு படாக் பெடியள் தங்கட மொழியில கதைச்சா அது ஊர்ப்பற்று. ரெண்டு சீனப் பெடியள் ஹொக்கியனில கதைச்சா 'எங்களை ஒதுக்கினம்' எண்ட முணுமுணுப்பு. செய்யிற காரியம் ஒண்டுதான். இந்தப் பார்வை வானத்தில இருந்து விழேல்ல. 1966இல் சீனப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. சுஹார்த்தோ ஆட்சி முழுக்க சீன எழுத்தே பொது இடத்தில சந்தேகப் பொருள். 1967இல் வந்த கட்டுப்பாட்டை 2000இல்தான் அப்துர்ரஹ்மான் வாஹிட் நீக்கினார். சட்டம் போயிட்டுது, அது பழக்கின காது போகேல்ல. மொழி மேல வெறுப்பு எண்டு நாங்கள் சொல்லுறது பெரும்பாலும் அந்த மொழியைக் கதைக்கிற ஆளின் மேல இருக்கிற வெறுப்புத்தான்.

சரி, இந்தோனேசிய மொழி ஆரின்ர? 1928 ஒக்டோபர் 28இல் இளைஞர் உறுதிமொழி எடுத்தபோது சனத்தொகையில மிகப் பெரிய இனம் ஜாவானியர். ஆனாலும் தெரிவானது மலாய் அடிப்படையிலான மொழி. எங்கட 1956ஐ நினைச்சுப் பாத்தா இது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு எண்டு விளங்கும். இன்னொண்டு: அந்த உறுதிமொழியின் மூன்றாம் வரி 'ஒரே மொழி' எண்டு சொல்லேல்ல, ஒற்றுமை மொழியாக இந்தோனேசியத்தை உயர்த்திப் பிடிப்பம் எண்டுதான் சொன்னது. பிறகு அது 'ஒரே மொழி' எண்டு சுருங்கிப் போச்சு.

ஆரின்ர மொழியும் இல்லாததால அதில ஆருக்கும் கோபம் இல்லை. அதில ஒரு ஆபத்தும் இருக்கு எண்டு நினைக்கிறம். அடிச்சுப் பறிக்கிற மொழியை எதிர்த்து நிக்கலாம். சிரிச்சுக்கொண்டு வாற மொழியை என்ன செய்யிறது? ஆறு கோடிக்கும் மேற்பட்ட ஆக்கள் கதைக்கிற ஜாவா மொழிக்கே இந்தக் கதைதான். பெரியவைக்குக் 'க்ரமா', கூட்டாளிக்கு 'ங்கோகோ' எண்டு அதில மரியாதைப் படிகள் இருக்கு. பிழைவிட்டா மானம் போகும் எண்ட பயத்தில, இளசுகள் பெரியவையோட இந்தோனேசியத்துக்கு மாறிவிடுகினம். ஜாவா உச்சரிப்புக்கு ஜகார்த்தாவில 'மெடோக்' எண்டு நக்கல் வேற.

ஆனா 2019இல் டிடி கெம்பொட்டின் ஜாவாக் காதல் தோல்விப் பாட்டுக்கு நகரத்துப் பிள்ளைகள் கூட்டமாக அழுதுகொண்டு பாடிச்சினம். பள்ளிக்கூடத்து 'உள்ளூர்ப் பாட' நேரம் செய்யாத வேலை அது!

மேடானில அந்தப் பாட நேரத்தில எந்த மொழியைப் படிப்பிக்கிறது? படாக் எண்டாலே தோபா, காரோ, மண்டைலிங் எண்டு பல இருக்கு. ஒண்டைத் தெரிவுசெய்தா மற்றப் பிள்ளைகள் இன்னொரு பரீட்சைக்குத்தான் இருக்கவேணும். அதைவிட, பக்கத்து மேசையில இருக்கிறவனின் மொழியில பத்து வசனம் பழகச் சொல்லலாம். ஹொக்கியன்காரனிட்ட படாக் பெடியனும், தமிழ்ப் பிள்ளையிட்ட மினாங்கபாவ் பிள்ளையும் போய்க் கேக்கட்டும். அதுக்குப் புள்ளி போடக்கூடாது.