விமானத்தளத்தில் எதைக் காப்பது?

மைசூர் நகருக்குத் தெற்கே, நஞ்சன்கூடு செல்லும் சாலையை ஒட்டி, மண்டகள்ளி என்னுமிடத்தில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. 1940-ஆம் ஆண்டில் மைசூர் சமஸ்தானம் அமைத்த தளம் அது. சுதந்திரத்துக்குப் பின் மத்திய சர்க்காரின் வசம் வந்து, நெடுங்காலம் அதிக நடமாட்டமின்றிக் கிடந்து, 2010-இல் புதுப்பிக்கப்பட்டது. ஓடுபாதையின் நீளம் சுமார் 1,740 மீட்டர். புரொப்பெல்லர் விமானங்களுக்கு இது போதும்; பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாது. ஆகவே ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்ற திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. அருகிலுள்ள நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் குறுக்கே நிற்பதால் அது எளிதில் முடியக்கூடிய காரியமாகவும் இல்லை.

சமஸ்தான காலத்துத் தளம் ஒன்று புதிய தொழிலுக்காக உருமாறப் போகிறது என்றால், அதில் எதைக் காப்பது, எதை விட்டுவிடுவது என்ற கேள்வி தானாகவே எழும். அரண்மனைகளைக் கொண்டு மரபை அளக்கப் பழகிய மைசூரில் இக்கேள்விக்கு விடை காண்பது சற்றுக் கடினம். அரண்மனையின் பெருமை அதன் கல்லிலும் மரத்திலும் நிற்கிறது. விமானத்தளத்தின் இயல்போ வேறு. ஓடுபாதை எப்பொழுதும் நீண்டுகொண்டே போவது. கொட்டகை இன்று ஒரு விமானத்துக்கும் நாளை வேறொன்றுக்கும் இடம் தருவது. மண்டகள்ளியின் பழைய எல்லைக்கோட்டை அப்படியே நிறுத்திவைக்க வேண்டும் என்று எவரேனும் கோரினால், அது மரபைக் காப்பதாகாது. தளத்தைத் தளமாக இருக்கவொட்டாமல் தடுப்பதே ஆகும்.

அரண்மனைக் கட்டடங்களில் கூடப் பயன்பாட்டில் இருப்பவையே நன்றாகப் பிழைத்திருக்கின்றன. ராஜகுமாரி செலுவஜம்மண்ணிக்காகக் கட்டப்பட்ட செலுவாம்பா மாளிகையில் 1950-இல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் துவக்கப்பட்டது. அதன் தூண்களும் தாழ்வாரங்களும் இன்றும் உறுதியாக நிற்பதற்கு, அங்கே விஞ்ஞானிகள் அன்றாடம் வேலை செய்வதும் ஒரு காரணம். 1959-இல் நிறுவப்பட்ட தேசிய விமானவியல் ஆராய்ச்சிக்கூடமும், பெங்களூரில் ஜயமகால் சாலையில் மைசூர் மகாராஜாவின் மாளிகையைச் சேர்ந்த குதிரை லாயத்தில்தான் தன் பணியைத் துவக்கியது. காற்றியக்க ஆராய்ச்சிக்கு லாயம் பொருத்தமான இடமா என்று அன்று எவரும் வாதாடிக்கொண்டிருக்கவில்லை போலும்!

மண்டகள்ளித் தளம் அமைந்த அதே 1940-இல், டிசம்பர் மாதம், வால்சந்த் ஹீராசந்த் பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானக் கம்பெனியைத் துவக்கினார். மைசூர் சர்க்கார் நிலம் கொடுத்ததுடன் பங்குதாரராகவும் சேர்ந்தது. யுத்தகாலத்தில் அத்தொழிற்சாலை அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் நிலையமாயிற்று. யுத்தம் முடிந்தபின், கான்பூரில் உதவாதவை என்று கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டுச் சீர்செய்யப்பட்டன. இந்திய விமானப்படை 1968 வரை அவற்றை உபயோகித்தது. பின்னர் அவற்றுள் சில பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் காட்சிச்சாலைகளுக்குச் சென்றன; ஒன்று டில்லி பாலம் காட்சிச்சாலையில் உள்ளது. லிபரேட்டரைச் செய்தவர்கள் அமெரிக்கர்கள்; அதற்கு மறுவாழ்வு அளித்தவர்கள் பெங்களூர்த் தொழிலாளர்கள். இதில் எது இந்நாட்டின் மரபு என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பெங்களூர் ஓடுபாதையிலிருந்து டாக்டர் வி. எம். காட்கே வடிவமைத்த ஹெச்.டி.-2 பயிற்சி விமானம் 1951-லும், ஜெர்மன் நிபுணர் குர்ட் டாங்க் தலைமையில் உருவான மாருத் போர்விமானம் 1961-லும், தேஜஸ் 2001 ஜனவரி 4-லும் முதன்முறையாகப் பறந்தன. பயணி விமானப் போக்குவரத்து 2008 மே மாதத்தில் தேவனஹள்ளிக்கு மாறியபின்னும் அந்த ஓடுபாதை ஓயவில்லை. தேஜஸ் பறந்த அதே 2001-இல் தொழிற்சாலையை அடுத்து விமானக் காட்சிச்சாலையும் திறக்கப்பட்டது. ஒருபுறம் உற்பத்தி நடக்கிறது, மறுபுறம் பழைய விமானங்கள் பார்வைக்கு நிற்கின்றன. இரண்டும் அடுத்தடுத்து இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பாரிஸுக்கு அருகிலுள்ள லெ பூர்ஷே தளத்திலும், காட்சிச்சாலையும், தனியார் ஜெட் விமானப் போக்குவரத்தும், 1953 முதல் நடைபெறும் விமானக் கண்காட்சியும் ஒரே இடத்தில் இணைந்திருக்கின்றன.

அடுத்தடுத்து இருப்பது ஒன்று. ஒன்றுக்கொன்று பயன்படுவது மற்றொன்று. மாருத்தை எடுத்துக்கொள்வோம். ஒலியின் வேகத்தை எளிதில் மிஞ்சும்படி அதன் உடல் வடிவமைக்கப்பட்டது. 1959-இலேயே மரத்தாலான முழு அளவு மிதவை விமானம் ஒன்றைச் செய்து பறக்கவிட்டுச் சோதித்தனர். ஆனால் அவ்வுடலுக்கேற்ற ஆற்றலுள்ள என்ஜின் கிடைக்கவில்லை. ஆர்ஃபியஸ் 703 ரக என்ஜின்கள் இரண்டைப் பொருத்தித் திருப்தியடைய வேண்டியதாயிற்று. எண்ணிய வேகத்தை மாருத் எட்டவேயில்லை. 1971 யுத்தத்தில் நற்பெயர் பெற்றபோதிலும் இக்குறை அதை விட்டு நீங்கவில்லை. அரை நூற்றாண்டு கழிந்து, தேஜஸும் அமெரிக்க என்ஜினைக் கொண்டே பறக்கிறது. அதற்காக உள்நாட்டில் துவக்கப்பட்ட காவேரி என்ஜின் தேவையான விசையை அளிக்கவில்லை. 2021-இல் ஒப்பந்தமான தேஜஸ் மார்க் 1ஏ விமானங்கள் தாமதித்ததற்கும் என்ஜின் வரத்து ஒரு முக்கிய காரணம்.

காட்சிச்சாலையில் மாருத்தின் அருகே நிற்கும் மாணவனுக்கு இந்த வரலாறு தெரியவேண்டும். ‘இந்தியாவில் முதன்முதலாக’ என்று தொடங்கும் பலகைகள் பெருமிதம் தருகின்றன. என்ஜின் ஏன் கிடைக்கவில்லை என்று கூறும் பலகையோ அறிவைத் தரும். புதிய தொழிலுக்குப் பழைய விமானத்தால் உண்டாகும் உண்மையான நன்மை இதுவே. இந்த நன்மையைத் தராத காட்சிச்சாலைக்குத் தொழிற்சாலை நிலத்தில் இடம் கேட்பது கடினம்.

விமானத்தை வைத்துக் காப்பதிலும் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. விமானத்தின் தோலாக அமையும் உலோகத் தகடு பெரும்பாலும் அலுமினியத்துடன் சுமார் நான்கு சதவீதம் செம்பு கலந்த கலவையாகும். செம்பு அதற்கு வலிமை சேர்க்கிறது. ஆனால் அரிப்பை எதிர்க்கும் சக்தியைக் குறைத்துவிடுகிறது. எஃகு ஆணிகள் தகட்டைத் தொடும் இடங்களில் மழைநீர் தேங்கினால், அங்கு ஒரு சிறு மின்கலமே உண்டாகி அலுமினியம் கரையத் தொடங்குகிறது. வெளியே பளபளவென்று வர்ணம் பூசி நாற்சந்தியில் மேடையேற்றி வைக்கப்பட்ட விமானங்கள் உள்ளுக்குள் செல்லரித்துப் போவது இவ்வாறுதான். கடற்கரை நகரங்களை நோக்க, சுமார் 760 மீட்டர் உயரத்திலுள்ள மைசூரின் காற்று இவ்விஷயத்தில் சாதகமானது. ஆயினும் கூரை இன்றியமையாதது. ஒரு கூரையின்கீழ் இரண்டு விமானங்களை நிறுத்துவது, வெட்டவெளியில் பத்து விமானங்களை நிறுத்துவதைவிட மேல்.

மண்டகள்ளிக்கு வேண்டியது மிகவும் சிறிது. ஓடுபாதை தாராளமாக நீளட்டும். பயிற்சிப் பள்ளிகளும் பழுதுபார்க்கும் தொழில்களும் வரட்டும். ஆனால் மண்வெட்டி விழுமுன், தளத்தின் பழைய கிடப்பும் கட்டடங்களும் அளந்து வரையப்பட்டுப் படமெடுக்கப்பட வேண்டும். புதிய கட்டடங்களுக்கான மதிப்பீட்டிலேயே ஒரு கொட்டகைக்கும் ஆவண அறைக்கும் இடம் ஒதுக்கப்பட வேண்டும். எல்லாம் முடிந்தபின் மிஞ்சிய மூலையைத் தருவதென்பது எங்கும் நிறைவேறியதில்லை. மைசூரில் 1979 முதல் இருந்துவரும் ரயில்வே காட்சிச்சாலையைப் பார்க்கும் கூட்டம், விமானத்தைப் பார்க்கவும் வராமலிராது. பெங்களூர் விமானத் தொழிற்சாலையின் ரயில்பெட்டிப் பிரிவிலிருந்து 1964-இல் பிரிந்து வளர்ந்த பி.இ.எம்.எல். நிறுவனத்தின் லாரி, என்ஜின் தொழிற்சாலைகள் மைசூரிலேயே இயங்குகின்றன. இந்தத் தொடர்ச்சியைக் காட்டுவதற்கு மைசூரைவிடத் தகுந்த ஊர் இல்லை.

ஆவண அறையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பழைய வரைபடங்களின் நீலப்படிகள் வெளிச்சம் பட்டால் வெளிறிப்போகும். மற்றக் காகிதங்களுக்கு நன்மை செய்யும் காரத்தன்மையுள்ள உறைகளோ அவற்றின் நீலத்தையே அழித்துவிடும். காரமற்ற உறையில், இருட்டில், ஈரமின்றி வைக்கவேண்டும். இதற்கான செலவு அற்பம். ஆனால் இதை அறிந்தவர் ஒருவரேனும் அங்கே இருக்கவேண்டும்.

வரைபடத்தில் எழுதப்படாத வித்தையும் உண்டு. தகட்டை எவ்வளவு வளைத்தால் மீண்டு சரியான வளைவில் நிற்கும், எந்த ஆணி எந்தத் துளையில் மக்கர் செய்யும் என்பவை தொழிலாளியின் கையில் இருந்தவை. மாருத் முதன்முதலில் பறந்தபோது இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டனர். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய ஓடுபாதை நீளும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதற்காக ஒரு சென்ட் நிலம் கூடக் கையகப்படுத்த வேண்டியதில்லை.