செத்த காலேஜும் உயிர் காலேஜும்

சென்னைப் பட்டணத்து மக்கள் பெயர் வைப்பதில் வல்லவர்கள். 1851-ஆம் ஆண்டு தோன்றி, இன்று எழும்பூரில் இருக்கும் பொருட்காட்சிச் சாலைக்கு அவர்கள் இட்ட பெயர் 'செத்த காலேஜ்'. விலங்குகளை உயிரோடு வைத்துக் காட்டிய மிருகக்காட்சிச் சாலைக்கு இட்ட பெயர் 'உயிர் காலேஜ்'. கேலிதான், ஆனால் வெறுங் கேலி அன்று. இரண்டையுமே அவர்கள் காலேஜ் என்றார்கள். பள்ளிப் படியை மிதிக்காதவனும் போய்க் கற்றுக்கொள்ளும் இடம் என்ற மதிப்பு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

இன்னொன்றும் நினைக்கத் தக்கது. செத்த காலேஜும் உயிர் காலேஜும் ஒரே வளாகத்தில் இருந்தவை. பொருட்காட்சிச் சாலையின் பொறுப்பில் இருந்த எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர்தான் 1855-இல் அங்கேயே விலங்குகளையும் வளர்க்கத் தொடங்கினார். பிற்காலத்தில்தான் அவை பிரிந்தன.

பிரிந்தவை மீண்டும் கூட வேண்டும் என்பதே என் கட்சி. பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகும் இடமாகப் பொருட்காட்சிச் சாலை இருக்கக் கூடாது. கையால் தொட்டு, தூக்கி, உரசி, எடை போட்டு, 'ஏன்?' என்று கேட்டு இயற்கையைக் கற்கும் இடமாக இருக்க வேண்டும். எங்கள் கோலார் தங்கவயலுக்கு அப்படி ஒன்று மிக மிகத் தேவை.

பள்ளியில் படித்த நாளில் எங்களையும் ஒரு பொருட்காட்சிச் சாலைக்கு அழைத்துச் சென்றார்கள். இரண்டு மணி நேரம் வரிசையில் நடந்தோம். அங்கே நான் அதிகமாகக் கேட்ட சொல் 'தொடாதே' என்பதுதான். கண்ணாடிக்குள் ஒரு கல்; கல்லின் கீழே ஒரு சீட்டு; சீட்டில் ஒரு பெயர். பெயரை நோட்டில் எழுதிக்கொண்டோம். அந்தக் கல் எங்கள் ராபர்ட்சன்பேட்டையைச் சுற்றிலும் கிடக்கும் கல்தான் என்று சொல்வார் இல்லை.

இதற்கு மாற்று வழி கண்டவர்கள் இல்லாமல் இல்லை. மியூனிக் நகரத்து ஜெர்மன் பொருட்காட்சிச் சாலை 1925-இல் புதுக் கட்டிடத்திற்கு வந்தபோது, நிலக்கரிச் சுரங்கத்தையே நடந்து பார்க்கும்படி அமைத்துக் காட்டினார்கள். டில்லியில் 1978-இல் திறந்த தேசிய இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிச் சாலையில், பிள்ளைகள் தொட்டுப் பார்த்து அறிவதற்கென்றே ஓர் அறை இருந்தது. 2016 ஏப்ரலில் தீ அந்தப் பொருட்காட்சிச் சாலையை அழித்தது. மைசூரில் காரஞ்சி ஏரிக்கரையில் 1995-இல் தொடங்கிய அதன் கிளை பள்ளிப் பிள்ளைகளுக்கென்று நிகழ்ச்சிகள் நடத்துகிறது. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் இதைவிடப் பெரிய முயற்சி நடந்தது. 1972-இல் 16 கிராமப் பள்ளிகளில் தொடங்கி, செய்து பார்த்தே விஞ்ஞானம் கற்கும் முறையை 30 ஆண்டுகள் நடத்தினார்கள். 2002-இல் அரசு அதை நிறுத்தியது. மாளிகை இல்லாமலும் இந்த வேலை நடக்கும் என்பதற்கு அது சான்று.

தங்கவயலில் தொடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். என்ன இல்லை? பேடப்பள்ளியில் தலையணைகளை அடுக்கினாற்போல் உருண்டு திரண்ட பாறைகள் இருக்கின்றன. அவற்றைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். எரிமலைக் குழம்பு நீருக்கடியில் பாய்ந்து உறையும்போதுதான் அப்படித் தலையணை வடிவம் பெறும். குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் எங்கள் மண் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் நீருக்கடியில் இருந்தது! இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு. அந்த வளைவைக் கையால் தடவி அறிவது வேறு.

வெள்ளைப் படிகக்கல் ஒன்றும், அதே அளவு கரும்பாறை ஒன்றும் சிறுவனின் இரு கைகளிலும் கொடுங்கள். எது கனம் என்று கையே சொல்லும். பிறகு தண்ணீரில் அமிழ்த்தி எடை போடட்டும்; ஆர்க்கிமிடீஸ் விதி தானாக வரும். தங்கம் போல் மின்னி ஏமாற்றும் இரும்புக் கந்தகக் கல்லைச் சுத்தியலால் தட்டினால் தூளாகும், தங்கம் தகடாகும். மெருகிடாத பீங்கானில் உரசினால் முன்னது கருங்கோடு போடும். தங்கம் மஞ்சள் கோடு போடும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல இரசாயனப் பாடம் உண்டா?

பௌதிகத்திற்கும் எங்கள் ஊர் கடன் கொடுத்திருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கொண்டது. 1965-இல், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் கூடி, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் கண்டார்கள். மற்றத் துகள்களை மேலே கிடந்த பாறை தடுத்துவிட்டது. எதற்கும் நிற்காத நியூட்ரினோ மட்டும் வந்து சேர்ந்தது. அந்த ஆழத்தை வெட்டிய கைகள் வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் பிழைக்க வந்த எங்கள் பாட்டன்மாரின் கைகள். உலகம் அறிந்த இந்தச் செய்தியை அவர்கள் பேரப்பிள்ளைகள் அறிய வேண்டாமா?

"வேலை இல்லாத ஊருக்குப் பொருட்காட்சிச் சாலை ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் எள்ள மாட்டேன். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்றும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பின் திரும்புவோர் ஆயிரக்கணக்கினர். ஆனால் மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவு மண் சயனைடு மேடுகளாக ஊரைச் சூழ்ந்து நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசு வீட்டுக்குள் வருகிறது. அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இருந்தால் தீங்கு என்று கேட்கத் தெரியாத ஊர், பிறர் சொன்னதை நம்பியே வாழ வேண்டும். அளக்கத் தெரிந்த பிள்ளைகள் உள்ள ஊரை ஏமாற்றுவது கடினம். கஞ்சிக்கு அடுத்தபடியாக ஏழைக்கு வேண்டியது இந்த ஆற்றல்தான்.

காலமும் காத்திராது. மூடிய நாளில் நாற்பது வயதாக இருந்த தொழிலாளி இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். பாறையைத் தட்டி, ஓசையைக் கொண்டே அது உறுதியானதா, உதிரப்போகிறதா என்று சொல்லக் கூடியவர் அவர். துளை போடும்போது தண்ணீர் பாய்ச்சுவது ஏன் என்று அவரைக் கேளுங்கள். படிகக்கல் தூசு நுரையீரலை எப்படி அரிக்கும் என்பதைத் தம் இருமலைக் கொண்டே விளக்குவார். பட்டம் இல்லாத அந்தப் பேராசிரியர்கள் போன பின் கட்டிடம் எழுப்பி, அவர்களுடைய தொப்பியையும் விளக்கையும் கண்ணாடிக்குள் வைத்தால், அது செத்த காலேஜ் அல்லாமல் வேறென்ன?

ஆகவே நம் சங்கத்து நண்பர்களை ஒன்று கேட்கிறேன். அரசு கட்டும் நாளில் கட்டட்டும். நாம் விடுமுறையில் ஒரு பெட்டியோடு தொடங்குவோம். ஐந்தாறு கற்கள், ஒரு தராசு, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு காந்தம், ஒரு பீங்கான் துண்டு போதும். சயனைடு மேட்டு மண் மட்டும் அதில் வேண்டாம். அது பிள்ளைகள் கை வைக்கும் பொருள் அன்று. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, உரிகம், மாரிக்குப்பம் என்று பள்ளி பள்ளியாகப் போவோம். தமிழோ, கன்னடமோ, தெலுங்கோ, உருதுவோ, பிள்ளை எந்த மொழியில் வியக்கிறதோ அந்த மொழியில் பேசுவோம். போகுமிடமெல்லாம் ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவரை உடன் அழைத்துச் செல்வோம். அவருக்குத் தலைமை நாற்காலி போடுவோம்.

வருகிற கோடை விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பெட்டிக்கு ஆகும் செலவு, நாம் ஒரு விழாவில் மாலைக்கும் மேடைக்கும் செய்யும் செலவைவிடக் குறைவு. விருப்பமுள்ள நண்பர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். முதற் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளட்டும்.