பஸ் எப்போது வரும்?

தக்கலை பஸ் நிலையத்தில் ஒரு பாட்டி நிற்கிறாள். கையில் மரச்சீனிக் கிழங்குப் பை.

"மக்களே, கொலசேரம் பஸ் போயாச்சா?" என்று பக்கத்தில் நிற்கும் பையனைக் கேட்கிறாள்.

"தெரியல்லியே பாட்டி" என்கிறான் அவன். அவன் கையில் செல்போன் இருக்கிறது. அதில் சினிமா தெரிகிறது. கிரிக்கெட் தெரிகிறது. பஸ் மட்டும் தெரியவில்லை!

இது சின்ன விஷயம் அல்ல. 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்தால்தானே ஏற முடியும்? விட்டுவிட்டால், வேறு பஸ்சுக்கோ ஆட்டோவுக்கோ காசு கொடுக்க வேண்டும். ரப்பர் தோட்டத்துக்கும் முந்திரி ஆலைக்கும் போகிற பெண்களுக்கு அன்றைய கூலியில் துண்டு விழுந்துவிடும்.

இதற்கு வழி உண்டு. அமெரிக்காவில் போர்ட்லண்டு என்று ஒரு நகரம். அந்த ஊர் பஸ் நிர்வாகமும் கூகுள் நிறுவனமும் 2005-ல் ஒரு முறையைக் கண்டன. எந்த பஸ், எந்த வழி, எந்த நிறுத்தம், எத்தனை மணி என்று ஒரே மாதிரியான பட்டியலாக எழுதி வைப்பது. கம்ப்யூட்டர் அதைப் படித்து வழி சொல்லிவிடும். அந்தப் பட்டியலை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டால், கெட்டிக்கார மாணவன் ஒருவனே செயலி செய்துவிடலாம்.

2018-ல் கொச்சி மெட்ரோ அப்படித் திறந்தது. அதே ஆண்டு டெல்லி அரசும் பஸ் விவரங்களைத் திறந்துவிட்டது. சென்னையில் 2022-ல், மாநகர பஸ் வரும் நேரத்தைக் காட்டும் 'சென்னை பஸ்' செயலி வந்தது.

நாஞ்சில் நாடு பஸ்சுக்குப் புதிய சீமையா? இல்லை. திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரியில் பஸ் விட்டபோது, முதல் தடமே திருவனந்தபுரம் - கன்னியாகுமரிதான். அதை நடத்த லண்டன் பஸ் நிர்வாகத்திலிருந்து சால்டர் என்ற வெள்ளைக்காரரை வரவழைத்தார்கள். இன்று அந்த லண்டனில் பஸ் விவரம் எல்லோருக்கும் திறந்த புத்தகம்!

நேரப் பட்டியல் இல்லாமலா டெப்போவில் இருந்து பஸ் புறப்படுகிறது? மக்கள் பணத்தில் ஓடும் பஸ். அதன் பட்டியலை மக்களிடம் கொடுத்தால் என்ன?

"மழையில் பாதை மாறும். டிரிப் ரத்தாகும். செயலி பொய் சொல்லுமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தப்பான நேரத்தை நம்பி மழையில் நிற்பதைவிட, நேரம் தெரியாமல் நிற்பதே மேல். ஆகவே மாற்றத்தை அன்றன்றே பட்டியலில் ஏற்ற ஓர் ஆள் வேண்டும். அந்தச் சம்பளத்தைக் கணக்குப் பார்க்கக் கூடாது.

செல்போன் இல்லாத பாட்டிக்கு என்ன பயன்? பக்கத்தில் நிற்கும் பையன் பார்த்துச் சொல்வான். அதே பட்டியலைப் பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட்டு, நிறுத்தத்தில் ஒட்டவும் செய்யலாம்.

மாவட்டத்தில் எஞ்சினீயரிங் கல்லூரிகளுக்குப் பஞ்சம் இல்லை. முதலில் ஒரே ஒரு தடத்தின் பட்டியலை அவர்களிடம் கொடுத்துப் பார்க்கட்டும். தக்கலை - குலசேகரம் - பேச்சிப்பாறை தடமாகவே அது இருக்கட்டும்.